புதுப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை எப்படிக் கூட்டுச் சேர்கிறது

இரண்டாம் தவணை தொடங்கி மூன்றாம் நாள். தகப்பனுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்புக்கு இடமாற்றம் கிடைத்து, குடும்பத்தோடு வந்து சேர்ந்த ஒரு பிள்ளையை அதிபர் என் வகுப்புக்குக் கூட்டிவந்து விட்டார். தரம் 6. வெள்ளைச் சட்டை மடிப்புக் குலையாமல் இருந்தது. ரை மட்டும் பழைய பள்ளிக்கூடத்தினுடையது. எல்லா ஆசிரியர்களும் செய்வதைத்தான் நானும் செய்தேன். "முன்னுக்கு வந்து உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்க மகள்" என்றேன். பேரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள். "முதல் அம்மம்மா வீட்டை இருந்தனாங்கள், பேந்து இஞ்ச வந்தனாங்கள்" என்றாள். பின்வரிசையில் ஒரு சிரிப்புக் கிளம்பியது. பிறகு என்பதற்கு இங்கே நாங்கள் "மறுகா" என்போம். பிள்ளைகளில் பாதிப் பேர் "பேந்து" என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலில் கேட்டார்கள். இடைவேளை மணி அடிப்பதற்குள் அவளுக்கு அதுவே பட்டப்பெயராகிவிட்டது.

அந்தச் சிரிப்புக்குப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல என்னால் முடியவில்லை. நாற்பது கண் பார்க்க ஒரு பதினொரு வயதுப் பிள்ளையைத் தனியே நிற்கவைத்தது நான். அன்று தொடங்கி, புதிதாக வரும் பிள்ளை ஒரு கூட்டத்துக்குள் எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதைக் கவனித்துப் பார்க்கவும், அதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் சொன்னதைத் தேடி வாசிக்கவும் தொடங்கினேன். எனக்கு விளங்கியதை எங்கள் பக்கத்துப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், இங்கே ஆர் புதிதாக வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் மாறுவதற்கு நாலைந்து வழமையான காரணங்கள் உண்டு. அரச உத்தியோகத்தரின் இடமாற்றம் ஒன்று. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் உட்கிராமங்களிலும் தரம் 5 வரை மட்டுமே உள்ள சிறிய பாடசாலைகளில் படித்து முடித்தவர்கள், தரம் 6க்கு வேறு ஊருக்குப் போகத்தான் வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தவர்கள் பட்டினத்துப் பெரிய பள்ளிக்கூடங்களுக்கு வருவார்கள். தாய் வெளிநாட்டு வேலைக்குப் போனதால் அம்மம்மா வீட்டுக்கோ பெரியம்மா வீட்டுக்கோ வந்து நிற்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். யுத்தக் காலத்தில் இடம்பெயர்ந்து வந்தவர்கள், 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையோரத்திலிருந்து உள்ளே குடியேற்றப்பட்டவர்கள், இந்திய முகாம்களிலிருந்து திரும்பி வந்தவர்கள் என்று ஒரு தலைமுறையே இங்கே புதுப் பள்ளிக்கூடத்தின் வாசலில் நின்றிருக்கிறது. இன்றைக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கும் தாய்தகப்பனில் பலர் அப்படி நின்றவர்கள்தான்.

காரணம் எதுவாக இருந்தாலும் புதுப் பிள்ளையிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "நீ ஆருட மகன்?" இந்தக் கேள்விக்குள் கிழக்கின் குடும்ப அமைப்பே அடங்கியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இது பொது. அதனால் அக்கா தங்கச்சிமாரின் வீடுகள் ஒரே வளவிலோ ஒரே ஒழுங்கையிலோ இருக்கும். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஒரு வகுப்பை எடுத்துப் பார்த்தால் பெரியம்மாவின் மகன், சித்தியின் மகள், மாமியின் பிள்ளை என்று பாதி வகுப்பு ஒருவருக்கொருவர் சொந்தமாக இருக்கும். இந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வந்து நண்பர்களைத் தேடுவதில்லை; வீட்டிலிருந்தே கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

இதைப் பெற்றோர் கவனத்தில் எடுத்தால் நல்லது. தாயின் ஊருக்குத் திரும்பி வரும் பிள்ளைக்கு மச்சாள் ஒருத்தி அதே வகுப்பில் இருப்பாள், பாதி வேலை முடிந்துவிடும். தகப்பனின் வேலைக்காக வரும் பிள்ளைக்கு அந்த வலை கிடையாது. "ஆருட மகன்?" என்றால் அவன் சொல்லும் பேர் இங்கே ஒருவருக்கும் தெரியாது. அது அவனுடைய குணத்தின் குறையோ கூச்சத்தின் குறையோ இல்லை. வலை இல்லாத இடத்தில் ஓர் இழையைப் பெரியவர்கள்தான் போட்டுக்கொடுக்க வேண்டும்.

வரவா, பிற்பாட்டா

பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கும் இடத்துக்கு இன்னொரு பிள்ளை போய்ச் சேரும் விதத்தை வில்லியம் கோர்சாரோ என்ற சமூகவியலாளர் அமெரிக்காவில் ஒரு பாலர் பாடசாலையில் மாதக்கணக்காகப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார். சேர வரும் பிள்ளைக்கு முதல் தடவை "இல்ல, நீ வராத" என்ற பதில் கிடைப்பது மிகச் சாதாரணம் என்று கண்டார். கிட்டத்தட்டப் பாதித் தடவைகளில் அப்படித்தான் நடந்தது. ஆனால் அந்த மறுப்புக்கு அவர் கண்ட காரணம் வேறு. அந்தப் பிள்ளையைப் பிடிக்காமல் இப்படிச் சொல்வதில்லை. ஒரு விளையாட்டை அரும்பாடுபட்டு ஒழுங்குபண்ணி நடத்திக்கொண்டிருக்கிறார்கள். இன்னொருவர் உள்ளே வந்தால் அது குலைந்துவிடுமோ என்ற பயம். விளையாட்டைக் காப்பாற்றுகிறார்கள், அவ்வளவுதான். எங்கள் ஊர்த் தாய்மார் பலருக்கு இந்த ஒரு விஷயம் தெரிந்தால் எத்தனையோ அழுகை மிச்சமாகும் என்று நினைக்கிறேன். "என்னைச் சேர்க்கிறாங்க இல்ல" என்று பிள்ளை வந்து சொன்னதும் அடுத்த நாளே பள்ளிக்கூடத்துக்கு ஓடிவருபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே பிள்ளை இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை போய் நின்றால் பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள்.

போய் நிற்கும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. 1981இல் மார்த்தா புட்டால்லாஸ், ஜோன் கொட்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். வந்தவுடன் தன்னைப் பற்றிக் கதைக்கும் பிள்ளை, கேள்விமேல் கேள்வி கேட்கும் பிள்ளை, "இப்படி இல்ல, அப்படித்தான் விளையாட வேணும்" என்று திருத்தும் பிள்ளை: இவர்களைக் கூட்டம் தள்ளிவிட்டது, அல்லது கண்டுகொள்ளவே இல்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று, என்ன நடக்கிறது என்று பிடித்துக்கொண்டு, அந்த விளையாட்டுக்குப் பொருத்தமாக ஒன்றைச் செய்த பிள்ளை உள்ளே போய்விட்டது.

இதை வாசித்தபோது எனக்குக் கூத்துக் களரிதான் ஞாபகம் வந்தது. கூத்தில் ராசாவுக்கு ஒரு வரவு உண்டு. மத்தளம் முழங்க, உடுப்பும் முடியும் மினுங்க, ஆடிக்கொண்டே களரிக்குள் வந்து தான் ஆர் என்று தானே பாடுவார். அது ராசாவுக்குச் சரி. ஆனால் ஓர் ஊரில் கூத்துப் பழக வரும் ஆள் அப்படி வருவதில்லை. கூத்தைப் பழக்கும் அண்ணாவியாருக்குப் பின்னால் நின்று பிற்பாட்டுப் பாடித்தான் தொடங்குவார். எல்லோரும் பாடும் அடியைச் சேர்ந்து பாடுவார்; தாளம் பிடிபட்ட பிறகு ஒரு சின்னப் பாத்திரம் வரும். புதுப் பிள்ளையை நாங்கள் முதல் நாளே முன்னுக்கு நிறுத்தி "உன்னைப் பற்றிச் சொல்லு" என்று கேட்கும்போது, பிற்பாட்டுக்கு நிற்க வேண்டியவரை ராசா வரவுக்குத் தள்ளிவிடுகிறோம். நான் அந்தப் பிள்ளைக்குச் செய்தது அதுதான்.

அதனால் வீட்டிலும் "போய் எல்லாரோடையும் கதை, வெட்கப்படாத" என்று சொல்லி அனுப்புவதில் பிரயோசனம் குறைவு. "அவங்க என்ன விளையாடுறாங்க எண்டு ரெண்டு நாள் பார். ஆள் குறைஞ்சா நான் வரட்டா எண்டு கேள்" என்று சொல்லலாம். ஒரு பிள்ளை சுவரோரம் நின்று மற்றவர்கள் கொக்கான் வெட்டி விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதை உடனே தனிமை என்று எடுக்க வேண்டியதில்லை. அது அந்தக் கூட்டத்தின் கணக்கைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

பாதைக்குப் போகும் பையன்

இரண்டாவதாக ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவன் புலமைப்பரிசில் பாஸ் பண்ணி மண்டூர்ப் பக்கத்திலிருந்து வந்தவன். மட்டக்களப்பு வாவியைக் கடந்து வர வேண்டும். வாவியில் ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக் கடக்கும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றே பெயர். மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கும் வரை அங்கும் பாதைதான் ஓடியது. அந்தப் பையன் குருமண்வெளித் துறையில் இறங்கி, சைக்கிளை மிதித்து 7.30க்கு முதல் வந்துவிடுவான். 1.30க்கு மணி அடித்தால் ஒரு நிமிடம் நிற்க மாட்டான். பாதையை விட்டால் அடுத்ததுக்கு வெயிலில் காத்திருக்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து அவனுடைய தாய் வந்தார். "சாப்பாட்டுப் பெட்டி அப்பிடியே வருகுது மிஸ். ஒண்டும் கதைக்கிறானில்ல. அங்க வகுப்பில முதலாம் பிள்ளையா இருந்தவன்" என்றார். அந்தக் கடைசி வசனத்தைத்தான் நான் பிறகு பல நாள் யோசித்தேன். சிறிய பள்ளிக்கூடத்தில் இவன்தான் கெட்டிக்காரன். கரும்பலகையை அழிப்பது முதல் மேடையில் பேசுவது வரை எல்லாம் இவன். இங்கே வகுப்பில் உள்ள பாதிப் பேர் ஒவ்வொரு ஊரின் முதலாம் பிள்ளை. முதல் மாதச் சோதனையில் இவனுக்குப் பதினெட்டாம் இடம். தான் ஆர் என்பதே அவனுக்குத் தெரியாமல் போய்விட்டது. அப்படி இருக்கும் பிள்ளை எப்படி இன்னொருவனிடம் போய்க் கதை தொடங்கும்? புலமைப்பரிசிலில் வென்ற பிள்ளையை ஊரே கொண்டாடி மாலை போட்டு அனுப்புகிறது. ஜனவரியில் அந்தப் பிள்ளைக்குள் என்ன நடக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. இதைப் பற்றி நாங்கள் போதுமான அளவு கதைப்பதில்லை என்பது என் கவலை.

இன்னொன்று, நேரம். பள்ளிக்கூட நாளில் பெரும்பகுதி பாடவேளைகளுக்கே போய்விடும். இடைவேளை பெரும்பாலும் 20 நிமிடம். அதற்குள் சாப்பிட வேண்டும், தண்ணீர்க் குழாயடியில் வரிசையில் நிற்க வேண்டும், மலசலகூடம் போக வேண்டும். மிஞ்சுவது ஐந்தாறு நிமிடம். பிள்ளைகள் கூட்டுச் சேர்வதெல்லாம் பள்ளிக்கூடம் விட்ட பிறகுதான்: மைதானத்தில், ரியூசன் வாசலில், சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும் வழியில், ஞாயிறு அறநெறி வகுப்பில், மத்ரசாவில், கோயில் சடங்கில். பாதைக்கு ஓடும் பிள்ளைக்கு இதில் ஒன்றும் கிடைப்பதில்லை. பள்ளிக்கூட வானில் வந்து அதே வானில் போகும் பிள்ளைக்கும் அப்படித்தான். ஆனால் வானுக்குள்ளே இருக்கும் அரை மணி நேரம் ஒரு நல்ல சந்தர்ப்பம். பிள்ளையைச் சேர்க்கும்போது "எந்த வான் மலிவு?" என்று மட்டும் பார்க்காமல், இவனுடைய வகுப்புப் பிள்ளை ஒன்று எந்த வானில் போகிறது என்றும் கேட்டுப் பாருங்கள்.

பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. லியோன் பெஸ்டிங்கரும் அவருடைய இரண்டு சகாக்களும் அமெரிக்காவில் ஒரு மாணவர் குடியிருப்பில் ஆர் ஆரோடு நண்பர் என்று விசாரித்து 1950இல் நூலாக வெளியிட்டார்கள். குணமோ கொள்கையோ முக்கிய காரணமாக இருக்கவில்லை. அடுத்த கதவில் இருப்பவர்தான் மற்றவர்களைவிட அதிகமாக நண்பராகியிருந்தார். ஒரே கட்டடத்துக்குள்ளேயே நாலு கதவு தள்ளி இருந்தவரோடு நட்பு மிகக் குறைவு. வகுப்பறையில் இந்தக் கதவு என்பது பிள்ளைகள் இருக்கும் வாங்கு. உயரத்தைப் பார்த்து, அல்லது எங்கே இடம் காலியோ அங்கே, ஒரு பிள்ளையை இருத்திவிட்டுப் போகிறோம். காலி இடம் எப்போதும் கடைசியில்தான் இருக்கும், அல்லது ஒருவரும் பக்கத்தில் இருக்க விரும்பாத பிள்ளையின் பக்கத்தில் இருக்கும். புதுப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஆரை இருத்துவது என்பது வகுப்பாசிரியர் அந்த வருடம் எடுக்கும் பெரிய முடிவுகளில் ஒன்று என்று இப்போது நம்புகிறேன். வகுப்பின் நட்சத்திரத்தை இருத்த வேண்டாம், அவருக்கு ஏற்கெனவே கூட்டம் இருக்கிறது. அமைதியான, ஆனால் ஒன்றிரண்டு கூட்டாளி உள்ள பிள்ளை நல்லது. ஒரு மாதமாவது இடம் மாற்றாமல் விட வேண்டும்.

இதோடு சேர்த்து ஒன்று சொல்லத்தான் வேண்டும். சில பள்ளிக்கூடங்களில் புலமைப்பரிசிலில் வந்த பிள்ளைகளை எல்லாம் ஒரு பிரிவிலும், முதலாம் ஆண்டிலிருந்து அங்கேயே படிக்கும் பிள்ளைகளை மற்றப் பிரிவுகளிலும் போடுகிறார்கள். பெறுபேறு கூட்டுவதற்கு இது வசதியாக இருக்கலாம். பிள்ளைகளைப் பொறுத்தவரை இது தவறு. புதியவர்கள் ஆறு வருடம் புதியவர்களாகவே இருந்துவிட்டுப் போகிறார்கள்.

அந்த மண்டூர்ப் பையனுக்கு வழி திறந்தது, பிள்ளைகளை இல்லங்களாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டியில். முதலாம் தவணையில் இந்தப் போட்டி வரும்போது ஒவ்வொரு இல்லமும் மைதானத்தில் தன் கூடாரத்தைச் சோடிக்கும். தடி நட்டு, கிடுகு கட்டி, தென்னங்குருத்தில் தோரணம் விட்டு, பிள்ளைகள் பாடுபட்டு ஒரு கோட்டையோ தேரோ செய்துவிடுவார்கள். அந்த ஒரு கிழமை பாடவேளைகளிலேயே வேலை நடந்தது. அதனால் பாதைப் பிள்ளைக்கும் நேரம் கிடைத்தது. இவன் வழக்கம்போல ஓரமாக நின்றான். பெரிய வகுப்பு அண்ணன்மார் இரண்டு பேர் குறுக்குத் தடியைக் கட்டுகிறார்கள். கயிறு வழுக்கி வழுக்கித் தடி சரிகிறது. மூன்றாம் தடவை சரிந்தபோது இவன் போய், ஒன்றும் பேசாமல் கயிற்றை வாங்கினான். தடியைக் குறுக்காக இரண்டு சுற்று, இடையால் எதிர்ப்பக்கம் இரண்டு சுற்று, பிறகு நடுவால் எடுத்து இறுக்கி ஒரு முடிச்சு. ஓர் அண்ணன் தடியில் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை. "ஆரு மச்சான் இவன்? எல்லா மூலையும் இவனிட்டக் குடுங்க" என்றான். மாட்டுப்பட்டியில் வேலி கட்டிப் பழகிய கை அது. பின்னேரம் வரை "டேய் மண்டூர், இஞ்ச வா", "மண்டூர், இதையும் ஒருக்காப் பார்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவனுக்கும் ஊர்ப் பேரையே பட்டப்பெயராக வைத்திருந்தார்கள், ஆனால் அதைக் கேட்டு அவன் சிரித்தான்.

ஒருத்தர் போதும்

பிள்ளை வகுப்பில் எல்லோருக்கும் பிடித்தவனாக வேண்டும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அப்படித் தேவையில்லை. எல்லோருக்கும் பிடித்திருப்பதும் ஒரு நல்ல கூட்டாளி இருப்பதும் வேறு வேறு விஷயங்கள் என்பதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். ஒரே ஒரு நெருங்கிய நண்பன் இருந்தாலே, மற்றவர்களின் தொந்தரவு அந்தப் பிள்ளையைக் குறைவாகத்தான் பாதிக்கிறது. பெண் பிள்ளைகளின் கூட்டங்களில் "கோவம்" விடுவதும் திரும்ப "நேசம்" ஆவதும் கிழமைக்கு இரண்டு தடவை நடக்கும். அப்போதும் விட்டுப்போகாத ஒருத்தி இருந்தால் பிள்ளை தாங்கிவிடும்.

1982இல் ஜோன் கோயியும் அவருடைய சகாக்களும் வகுப்புப் பிள்ளைகளிடம் "ஆரைப் பிடிக்கும், ஆரைப் பிடிக்காது" என்று கேட்டு வகைப்படுத்தியபோது, நண்பர் இல்லாத பிள்ளைகள் இரண்டு விதம் என்று தெளிவாகத் தெரிந்தது. ஒரு விதத்தினரை ஒருவரும் பிடிக்காது என்றும் சொல்லவில்லை, பிடிக்கும் என்றும் சொல்லவில்லை. கண்ணில் படாத பிள்ளைகள். மற்ற விதத்தினரைப் பலர் பேர் சொல்லி ஒதுக்கினார்கள். அடுத்த வருடம் கோயியும் ஜனிஸ் குபர்ஸ்மிட்டும் நாலாம் வகுப்புப் பையன்களைத் தெரியாத பையன்களோடு சேர்த்து விளையாட விட்டுப் பார்த்தார்கள். பழைய வகுப்பில் ஒதுக்கப்பட்டவன் புதிய கூட்டத்திலும் சில கிழமைகளுக்குள் ஒதுக்கப்பட்டான். கண்ணில் படாதவனோ புதிய கூட்டத்தில் வாய் திறந்தான், முன்னரைவிடக் கலந்து பழகினான். எனக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. அமைதியான பிள்ளைக்குப் புதுப் பள்ளிக்கூடம் ஒரு நல்ல வாய்ப்பு; பழைய இடத்தில் ஒட்டிய "பேசாத புள்ள" என்ற பேர் இங்கே இல்லை. ஆனால் அடிபிடியாலோ கோபத்தாலோ ஒதுக்கப்பட்ட பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை மாற்றுவது மட்டும் மருந்தாகாது. பிரச்சினை பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு புது வாசலுக்கும் வந்துவிடும். இரண்டு தவணைக்கு ஒரு தடவை பள்ளிக்கூடம் மாற்றும் பெற்றோரிடம் இதைச் சொல்ல நான் தயங்குவதில்லை.

அப்புறம், அந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். அதற்கு முதல், நான் எடுத்துக்கொண்ட வழி எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். 1971இல் அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரில், அதுவரை பிரிந்து படித்த வெள்ளை, கறுப்பு, மெக்சிக்கப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தபோது சண்டை மூண்டது. எலியட் அரன்சன் என்ற உளவியலாளர் ஒரு வழி செய்தார். பாடத்தை ஐந்தாறு துண்டாக வெட்டி, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். ஒவ்வொருவரும் தன் துண்டை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால்தான் முழுப் பாடமும் கையில் வரும். அதனால் ஒருவரையொருவர் கேட்க வேண்டிய தேவை வந்தது.

தமிழறிஞர் விபுலானந்த அடிகளின் வாழ்க்கையை நான் அப்படித் துண்டுபோட்டேன். 1892இல் காரைதீவில் பிறந்து கல்முனையில் படித்தது ஒரு துண்டு. மட்டக்களப்புக்கு வந்து புனித மிக்கேல் கல்லூரியில் படித்தது ஒன்று. அவரும் ஊர் விட்டுப் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போன பையன்தான். பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது. 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபரானது ஒன்று, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேராசிரியரானது ஒன்று, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கு வந்ததும் 1947இல் யாழ்நூல் வெளியானதும் கடைசித் துண்டு. மானிப்பாய்த் துண்டை அவளுக்குக் கொடுத்தேன். மானிப்பாய் எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம், எந்த பஸ்ஸில் போவது என்று குழு அவளைக் கேட்டது. அவள் கொப்பியில் ஒரு படம் கீறிக் காட்டினாள். "பேந்து அவர் இந்தியாவுக்குப் போனவர்" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை, குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த நாள் கரும்பலகையில் "பிறகு" என்று எழுதி, வீட்டில் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று எல்லோரையும் கேட்டேன். மறுகா, பேந்து, புறகு எல்லாம் வந்தன. அம்மம்மா, அம்மாச்சி, உம்மும்மா எல்லாம் வந்தன. வகுப்பில் நான் நினைத்ததைவிடப் பல ஊர்த் தமிழ் இருந்தது. அவளுடைய வாங்கில் இருக்கும் பிள்ளை அதன் பிறகு வேண்டுமென்றே "பேந்து தாறன்" என்று சொல்லத் தொடங்கினாள். அவளோ "மறுகா" என்றாள். பட்டப்பெயர் எப்போது மறைந்தது என்று எனக்கே தெரியாது.

கூடிச் செய்யும் வேலையால் பிள்ளைகளைச் சேர்ப்பது மட்டக்களப்புக்குப் புதிதில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த போல் ஹோகனும் நகரில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து களிமண் பிசைந்து, படம் கீறி, கதை கட்டி விளையாடினார்கள். ஒரே மொழி பேசும் இந்தப் பிள்ளைகள் இன்றும் பெரும்பாலும் வேறு வேறு பள்ளிக்கூடங்களில்தான் படிக்கிறார்கள். தமிழ்மொழித் தினப் போட்டியிலோ பட்டினத்து ரியூசனிலோதான் சந்திக்கிறார்கள். அது தனியே எழுத வேண்டிய விஷயம்.

வீட்டில் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் முக்கியமானது. "இண்டைக்கு ஆரோட விளையாடின?" என்று தினமும் கேட்டால் பிள்ளைக்கு அது ஒரு சோதனைத்தாள் ஆகிவிடும். "பக்கத்தில இருக்கிற புள்ள என்ன சாப்பாடு கொண்டுவந்த?" என்று கேளுங்கள். சனிக்கிழமை ஒரே ஒரு பிள்ளையை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். மூன்று பேர் வந்தால் இரண்டு பேர் ஒரு பக்கம் போய்விடுவார்கள். அந்தப் பிள்ளையின் தாயோடு நீங்கள் முதலில் கதையுங்கள். ஒரு தவணை முழுவதையும் கொடுங்கள்.

ஆனால் பொறுப்பதற்கும் எல்லை உண்டு. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வயிற்றுவலி, கொப்பி கிழிந்து வருவது, காசு தொலைவது, பள்ளிக்கூட மலசலகூடத்துக்குப் போகாமல் அடக்கிக்கொண்டு வருவது, உடம்பில் காயம்: இவற்றைக் கூட்டுச் சேரத் தாமதமாவதன் அறிகுறி என்று விட்டுவிட வேண்டாம், ஆரோ தொந்தரவு செய்யக்கூடும். அன்றே வகுப்பாசிரியரிடம் போங்கள். பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியர் இருந்தால் அவரிடமும், பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் சொல்லலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

மண்டூர்ப் பையனின் தாய் இரண்டாம் தவணையில் ஒரு பின்னேரம் எனக்குக் கோல் எடுத்தார். குரலில் ஓர் அவசரம் இருந்தது, பயந்துவிட்டேன். "மிஸ், நான் இண்டைக்குப் புட்டும் முட்டைப் பொரியலும்தான் வச்சி அனுப்பின. பெட்டியக் கழுவப் பாத்தா உள்ளுக்கு இறால் கோது கிடக்கு" என்றார்.